மடைக்கல்லும் நான்கு பிளேட்டுகளும்

இக்கட்டுரையில் யான் எழுதுவன யாவும் மூன்று சான்றுகளுள் ஒன்றிலேனும் ஊன்றி நிற்பவை. முதலாவது, நான் பணியாற்றிய ஸ்டூடியோவின் இருட்டறைப் பதிவேடு. அதில் நாள்தோறும் என் கையால் எழுதிய பகுதிகள் இன்றும் என்னிடம் உள்ளன. இரண்டாவது, அக்காலத்தில் எடுத்த சில அச்சுப்படிகள். மூன்றாவது, என் நினைவு. அதனையும் நிகழ்ச்சியில் உடனிருந்த வேறொருவரிடம் ஒப்பிட்டுப் பார்த்த பிறகே ஏற்றுக்கொண்டிருக்கிறேன். இம்மூன்றிலும் அடங்காதவற்றை, அவை எத்துணைச் சுவையுடையன ஆயினும், விலக்கிவிட்டேன். புகைப்படத் தொழிலாளர் சொல்லும் பழங்கதைகள் ஆண்டுதோறும் வளரும் இயல்பின. பிலிம் வருமுன் படம் பதித்த கண்ணாடிப் பிளேட்டுகள் இரண்டு உடைந்த கதையைச் சொன்ன நண்பர் ஒருவர், பத்தாண்டு கழித்து அதே கதையில் ஒரு டஜனை உடைத்தார். அவர் பொய்யர் அல்லர், எழுதிவைக்காதவர், அவ்வளவே.

ஊர்ப் பெயரொன்றை மட்டும் அறிந்தே மறைக்கிறேன். அன்று வழக்காடிய இரு தரப்பாரின் பேரப்பிள்ளைகளும் இன்று சம்பந்திகளாய் இருக்கின்றனர்.

இதனை எழுதத் தூண்டியது ஒரு சிறு வாக்குவாதம். சென்ற மாதம் நான் பழைய ஸ்டூடியோவுக்குச் சென்றிருந்தபோது, அங்கே பணிபுரியும் இருவர் இரண்டு நாட்டுப் பிலிம் சுருள்களை மேசைமேல் வைத்து வழக்காடிக்கொண்டிருந்தனர். ஒரு பெட்டியில் ஓர் எண். மற்றதில் அதனினும் பெரிய எண். பெரிய எண்ணுடையதே வேகம் மிக்கது என்றார் ஒருவர். இரண்டும் வெவ்வேறு அளவுகள், ஒப்பிடலாகாது என்றார் மற்றவர். தீர்ப்புச் சொல்லும்படி என்னை நோக்கினர். "ரெண்டு பெட்டியிலும் ஆளுக்கொரு படம் எடுத்துப் பாத்தியளா?" என்று கேட்டேன். இல்லை என்றனர். "பிறகு எதுக்கு வே சண்டை?" என்றேன். அவர்கள் சிரித்தனர். நான் சிரிக்கவில்லை. அதே கேள்வியை என்னிடம் ஒருவர் கேட்ட மாலையொன்று என் நினைவில் எழுந்தது.

முதல் ஐரோப்பிய யுத்தத்துக்குச் சில ஆண்டுகள் முன்பு, நான் பாளையங்கோட்டையில் ஒரு பள்ளியில் தமிழ் கற்பித்து வந்தேன். இலக்கணம் முறையாகப் பயின்றவன். பிள்ளைகளை அடக்கத் தெரியாதவன். இரண்டாம் ஆண்டின் இறுதியில் பள்ளியாரும் நானும் ஒருவரையொருவர் மனமுவந்து விடுவித்துக்கொண்டோம். அழகாக எழுதத் தெரிந்தவன் வேண்டும் என்று ஒரு ஸ்டூடியோவில் கேட்டனர். எண்ணையும் பெயரையும் பதிவேட்டில் எழுதச் சேர்ந்தேன். ஓராண்டில் இருட்டறைக்குள் புகுந்தேன். மூன்றாம் ஆண்டில் காமிராவோடு வெளியூர் செல்லலானேன். பயிற்சியைப் பற்றி இதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை. விரல்கள் கறுத்தன, கண்கள் சிவப்பு விளக்குக்குப் பழகின.

அந்த ஸ்டூடியோவை நடத்தியவர் எஸ்தர் அம்மாள். கணவர் இறந்தபின், கணவரின் தமையனார் முன்கூடத்தில் காமிராவுக்குப் பின் நின்று, வந்தவர்களை நிமிர்ந்து உட்காரச் சொல்லுவார். படம் எடுப்பவர் அவரே என்று ஊரார் எண்ணினர். உண்மையில் படம் பிறந்தது இருட்டறையில். அங்கே அம்மாளின் சொல்லே சட்டம். வயதில் அவர் என்னினும் இரண்டாண்டு இளையவர். நான் அவரை அம்மா என்றும், அவர் என்னை வாத்தியாரே என்றும் அழைத்து வந்தோம். அந்த "வாத்தியாரே"யில் மதிப்பும் கேலியும் எவ்வெவ் விகிதத்தில் கலந்திருந்தன என்பதைப் பதிவேடு சொல்லவில்லை.

அவர் உரக்கப் பேசி நான் கேட்டதில்லை. பிழை செய்தவரிடம் கோபிப்பதற்கு மாறாக, பதிவேட்டை அவர்பக்கம் திருப்பிவைத்து, குறிப்பு என்னும் பத்தியின்மேல் விரலை வைப்பார். பிழையைச் செய்தவனே தன் கையால் எழுத வேண்டும். அவ்வேளையில் யார் என்ன சொன்னார் என்பதையும் எழுதச் சொல்லுவார். இக்கட்டுரையில் வரும் பேச்சுகளிற் பல அந்தப் பத்தியிலிருந்தே எடுக்கப்பட்டவை.

அவரது முறைகளுள் ஒன்றைச் சொன்னால் ஏனையவை விளங்கும். நம் பக்கத்துத் திருமணக் குழுப்படத்தில் முகங்கள் கருமை; வேட்டிகள் வெண்மை. வேட்டிக்கு ஏற்ற ஒளியைக் கொடுத்தால் முகம் கரித்துண்டாகும். முகத்துக்கு ஏற்றதைக் கொடுத்தால் வேட்டி மடிப்பின்றி வெறும் வெள்ளைக் காகிதமாகும். ஆகவே, முகத்துக்கு வேண்டிய ஒளியைத் தாராளமாகக் கொடுத்துவிட்டு, பிளேட்டை மருந்தில் குறைந்த நேரமே வைப்பார். மருந்து என்று நாங்கள் சொன்னது, மறைந்திருக்கும் உருவத்தை வெளிப்படுத்தும் டெவலப்பரை. "வெளிச்சம் முகத்துக்கு, மருந்து வேட்டிக்கு" என்பது அவர் வாக்கு. ஒளி போதாமல் எடுத்த பிளேட்டுக்கு இம்முறை உதவாது. விழாத ஒளியை எந்த மருந்தும் விளைவிக்காது.

எல்லாவற்றுக்கும் மேலான விதியொன்று இருந்தது. புதிதாய் வந்த பிளேட்டுப் பெட்டி எதுவாயினும், அதிலிருந்து ஒரு பிளேட்டை எடுத்து, ஸ்டூடியோவின் பின்சுவரைப் படமெடுத்து, கழுவிப் பார்த்த பிறகே மற்றவற்றைத் தொடலாம். "பெட்டியில போட்டிருக்க நம்பரு கம்பெனிக்காரன் சொன்னது. சுவரு நமக்குச் சொல்லுதது" என்பார்.

அந்த விதியை நான் ஒரேயொரு முறை மீறினேன்.

பங்குனியின் கடைசி வாரம். ஆற்றுக்கால்களில் தண்ணீரை அடைத்து மராமத்து நடைபெறும் காலம். அம்மாள் ஓர் உறவினர் திருமணத்துக்காக நாசரேத்துக்குப் போயிருந்தார். விடியுமுன் ஒருவர் வண்டியைக் கட்டிக்கொண்டு வந்து ஸ்டூடியோக் கதவைத் தட்டினார். அவர் பெயர் சுடலைமுத்து; மருதூர் அணைக்கட்டுக்குக் கீழே பிரியும் ஒரு காலின் கடைமடையில் நிலம் உடையவர்.

"அண்ணாச்சி, ஒரு கல்லப் படம் புடிக்கணும். இன்னைக்கே. நாளைக்குக் கல்லு இருக்காது" என்றார்.

செய்தி இதுதான். அக்காலின் தலைப்பில் பழைய மடையொன்று இருந்தது. அதன் பக்கக் கல்லில், மடைவாயின் அகலம் உயரம் இவ்வளவு என்றும், தண்ணீர் குறைந்த நாளில் கடைமடைக்கு இத்தனை நாள் முறை என்றும் பழைய எழுத்தில் வெட்டியிருந்தது. ஆண்டு முழுதும் அக்கல் தண்ணீருக்குள் இருக்கும்; கால் அடைத்த சில வாரங்களே வெளியே தெரியும். இரண்டு கார்ப் பருவங்களாக மேல்மடைக்காரர்கள் முறை விடவில்லை; கடைமடை வயல்கள் நடவின்றிக் கிடந்தன. அதுபற்றி விசாரணைக்கு நாள் குறித்திருந்தது. அதற்குள், மடை சிதைந்துவிட்டது, இடித்துப் புதிதாய்க் கட்ட வேண்டும் என்று மேல்மடைக்காரர்கள் உத்தரவு வாங்கிவிட்டனர். கொத்தர்கள் அன்று காலையே வந்துவிடுவர். கல்லெழுத்தை மைப்படி எடுப்போர் சென்னையிலிருந்து வரக் காலமில்லை. கையால் எழுதி எடுத்த படியை எதிர்த்தரப்பு ஒப்பவில்லை.

"மூணாவது காரும் தரிசாப் போச்சுன்னா நான் ஊர்ல இருக்க முடியாது அண்ணாச்சி. கொழும்புக்குக் கப்பல் ஏற வேண்டியதுதான்" என்றார் சுடலைமுத்து. அவர் அதனை முறையீடாகச் சொல்லவில்லை. மறுநாள் செய்யவேண்டிய வேலையைச் சொல்வதுபோலச் சொன்னார்.

பழைய பெட்டியில் ஒரே பிளேட்டு எஞ்சியிருந்தது. முந்தின நாள் சென்னையிலிருந்து வந்த புதுப்பெட்டி, வழக்கமான கம்பெனியினது அன்று. வழக்கமானது கிடைக்காமையால் வணிகர் வேறொன்றை அனுப்பியிருந்தார். மேல்தாளைப் பார்த்தேன். வேக எண் நூற்றிருபது. பழைய பெட்டியிலும் நூற்றிருபதே. இரண்டும் ஒன்று என்று முடிவு செய்தேன். புதுப்பெட்டியிலிருந்தே நான்கு பிளேட்டுகளை எடுத்துச் சட்டங்களில் ஏற்றிக்கொண்டு வண்டியில் அமர்ந்தேன்.

நாங்கள் சென்றடைந்தபோது வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. காலின் மணற்படுகையில் கொத்தர்கள் கடப்பாரையோடு அமர்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தனர். மேல்மடைப் பண்ணையின் காரியஸ்தரும் குடையோடு நின்றார்.

"ஏலே, செத்த பொறுங்கலே. இவாள் படம் எடுத்துக்கிடட்டும்" என்றார் சுடலைமுத்து.

"ஓவர்சியர் ஐயா வருதாக வே. அவாள் வாரதுக்குள்ள என்ன எடுக்கணுமோ எடுத்துக்கிடும். நாங்க என்ன, கோயில் தேர இழுக்குத கயிறா, காத்துக் கெடக்க?" என்றார் கொத்தருள் மூத்தவர். ஆயினும் எழவில்லை, வெற்றிலையை மெதுவாகவே மென்றார்.

கல்லைத் தேங்காய்நார் கொண்டு தேய்த்துப் பாசியை நீக்கினோம். எழுத்துப் பள்ளங்களில் சுண்ணாம்பு தடவினால் தெளிவாய் விழும் என்று எண்ணிச் சுண்ணாம்புக் கலயத்தை எடுத்தேன்.

"அதெல்லாம் தடவப்படாது வே" என்றார் காரியஸ்தர். "தடவுத சாக்குல எழுதிப்புடுவீரு. கல்லு எப்படி இருக்கோ அப்படியே எடும்."

அவர் சொன்னது நியாயம்; கலயத்தைக் கீழே வைத்தேன். அதனால் எனக்கு உதவக்கூடியது சாய்வெயில் ஒன்றே. கிழக்கிலிருந்து வரும் வெயில் கல்லின் முகத்தை உரசிக்கொண்டு செல்லும் சிறிது நேரத்தில் மட்டும், வெட்டிய பள்ளங்கள் நிழலாகவும் மேற்பரப்பு ஒளியாகவும் பிரிந்து தோன்றும். கரும்பாறைக் கல், அடிப்பகுதி இன்னும் ஈரம். ஒளிமானியின் சிறு தாள் வெயிலில் கறுக்கும் நேரத்தை எண்ணி, சக்கரத்தில் நூற்றிருபதை நிறுத்திப் பார்த்தேன். நான்கு நொடி என்றது. நான்கு பிளேட்டுகளுக்கும் நான்கு நொடியே கொடுத்தேன். ஒன்றுக்கொன்று நேரத்தை மாற்றிக் கொடுத்திருக்க வேண்டும்; அது இத்தொழிலின் முதற்பாடம். மாட்டு வண்டியில் கண்ணாடி உடையுமே என்று அஞ்சி நான்கு எடுத்தேனேயன்றி, எண் பிழைக்கும் என்று அஞ்சவில்லை.

நான்காவது பிளேட்டை மூடியபோது ஓவர்சியர் வந்துவிட்டார். நாங்கள் வண்டியில் ஏறுகையில் முதற் கடப்பாரை விழுந்தது. பிற்பகலுக்குள் கல் மூன்று துண்டாகி, புதுக்கட்டடத்தின் அடித்தளத்துக்குள் போய்விட்டதென்று சுடலைமுத்துவின் பங்காளி வந்து சொன்னார்.

அம்மாள் மாலையில் விளக்கேற்றும் வேளை திரும்பினார். நடந்ததைச் சொன்னேன். அவர் பிளேட்டுகளைக் கேட்கவில்லை.

"பெட்டிய இங்கன கொண்டாங்க வாத்தியாரே."

பெட்டியின் மேல்தாளை விளக்கருகே பிடித்து, எண்ணுக்குப் பின்னால் சிறிய எழுத்தில் இருந்ததைப் படித்தார். பின்பு பழைய பெட்டியை எடுத்து அதையும் படித்தார்.

"இதைச் சுவத்துக்குக் காட்டினியளா?"

"இல்லம்மா" என்றேன்.

இரண்டு கம்பெனிகளும் இருவேறு அளவு முறைகளைக் கையாண்டன. ஓர் ஊர் மரக்காலும் மற்றோர் ஊர் மரக்காலும் பெயரால் ஒன்றாயினும் நெல்லால் வேறாவது போன்றது அது. புதுப்பெட்டியின் முறையில், எண் இருமடங்கானால் வேகமும் இருமடங்கு. பழைய பெட்டியும் என் ஒளிமானியும் பின்பற்றிய முறையில், எண் இருமடங்கானால் வேகம் நான்கு மடங்கு. அம்மாள் ஒரு தாளில் கணக்கிட்டுக் காட்டினார். அந்த நூற்றிருபதும் இந்த நூற்றிருபதும் ஒன்றல்ல. புதிய பிளேட்டு ஏறத்தாழ மூன்று மடங்கு மந்தமானது. நான்கு நொடி கொடுத்த இடத்தில் பன்னிரண்டு நொடி கொடுத்திருக்க வேண்டும்.

சுடலைமுத்து வாயிற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "என்ன அண்ணாச்சி, எழுத்து ஏறலையா?"

"ஏறியிருக்கு, கொஞ்சமா" என்றார் அம்மாள். "பசிச்சவனுக்கு மூணுல ஒரு பங்கு சோறு போட்ட மாதிரி."

"சாவமாட்டான்லா?"

"சாவமாட்டான். ஆனா எந்திரிச்சு நிக்க வைக்கணும்."

பிறகு பதிவேட்டைத் திருப்பிவைத்தார். சோதியாத பெட்டியை எடுத்ததையும், இரண்டு அளவுகளை ஒன்றாகக் கொண்டதையும், நான்கு பிளேட்டுக்கும் ஒரே நேரம் கொடுத்ததையும் எழுதினேன். மறுநாள் வேலையிலிருந்து நீக்கப்படுவேன் என்றே எண்ணினேன். அவரோ, விடியலில் வண்ணார்பேட்டைப் படித்துறையிலிருந்து நான்கு குடம் ஆற்றுத்தண்ணீர் வேண்டும் என்றார்.

ஒளி குறைந்த பிளேட்டை வலுவான மருந்தில் நெடுநேரம் வைத்தால், விழுந்த சிறிதளவு ஒளியேனும் கூடியமட்டும் கறுக்கும். கல்லெழுத்துக்கு வேண்டியது அழகிய நிழல்நயம் அன்று. பள்ளம் வேறு, பரப்பு வேறு என்னும் பிரிவே. எனவே வழி இருந்தது. இடையூறு எங்கள் ஊரின் வெப்பம். பங்குனியில் கிணற்றுத்தண்ணீரே வெதுவெதுப்பாக இருக்கும். வெதுவெதுப்பான மருந்தில் நெடுநேரம் கிடந்தால், கண்ணாடிமேல் பூசிய ஜெலட்டின் ஊதி, ஓரத்தில் சுருங்கி, பாலின்மேல் கட்டிய ஆடைபோல் கழன்றுவிடும். நேரம் வேண்டும், நேரமே பகை.

விடியற்காலையில் தொடங்கினோம். முதற் பிளேட்டை வழக்கமான மருந்தில், வழக்கமான நேரத்துக்கு வைத்தார். நோய் எவ்வளவு என்று அறிவதற்கு ஒன்றை ஒதுக்கவேண்டும் என்பது அவர் கருத்து. சிவப்பு விளக்கின்முன் தூக்கிப் பிடித்தபோது, கண்ணாடி ஏறக்குறைய வெறுமையாக இருந்தது. கூர்ந்து நோக்கினால், நீரில் எழுதியதுபோல் சில கோடுகள்.

இரண்டாவது பிளேட்டுக்கு ஹைட்ரோகுயினோன் மருந்தை வலுவாகக் கலந்தார். உருவத்தின் முதற்சாயல் தோன்றும் நொடியை நான் எண்ணிச் சொல்ல வேண்டும். அதனை ஐந்தால் பெருக்கிய நேரம் வரை பிளேட்டு மருந்தில் கிடக்க வேண்டும். இது அவரது வாய்பாடு. சாயல் மிகத் தாமதமாகத் தோன்றியது. பெருக்கிய நேரமும் அதற்கேற்ப நீண்டது. எழுத்துகள் எழுவதைக் கண்டேன். பாதி வரி வாசிக்கவும் செய்தேன். அம்மாளும் கண்டார். "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்றவாறே தொட்டியை ஆட்டினார். வெளியே வெயில் ஏறிவிட்டதை இருவரும் மறந்தோம். திடீரென்று எழுத்துகள் நெளிந்தன. ஆடை கழன்று, தொட்டியில் மிதந்து, மடிந்து, ஒன்றுமில்லாமல் போயிற்று.

அம்மாள் வெறுங்கண்ணாடியைத் தொட்டியிலிருந்து எடுத்துவைத்தார். பிறகு சொன்னார்: "உங்க தப்பு ஒண்ணு, என் தப்பு ஒண்ணு. இனி ரெண்டு பிளேட்டு. தப்புக்கு இடமில்ல."

கதவுக்கு வெளியே இருந்து சுடலைமுத்துவின் குரல் வந்தது. "அம்மா, நான் உள்ள வரலாமா?"

"வந்தா கல்லும் போயிரும், கண்ணாடியும் போயிரும். அங்கனயே இரும்" என்றார் அம்மாள். "சும்மா இருக்காதேயும். கடைவீதிக்குப் போயி ரெண்டு வீசை வெடியுப்பு வாங்கிட்டு வாரும்."

"வெடியா? கல்லத்தான் ஒடச்சாச்சே, இனி எத வெடிக்கப் போறிய?"

"ஒண்ணையும் வெடிக்கல. தண்ணியக் குளிர வைக்கப் போறோம்."

வெடியுப்பைத் தண்ணீரில் கரைத்தால் அத்தண்ணீர் சில்லிடும் என்பது பழைய அறிவு. மறுநாள் விடியலில், அகன்ற மண்சட்டியில் வெடியுப்புக் கரைசலை ஊற்றி, அதன் நடுவே மருந்துத் தொட்டியை இருத்தினோம். உப்புத்தண்ணீர் ஒரு துளியும் மருந்தில் சேரலாகாது. வெப்பமானியை நான் பிடித்திருந்தேன். மிகவும் குளிர்ந்தால் ஹைட்ரோகுயினோன் உறங்கிவிடும். மிகவும் சூடேறினால் ஜெலட்டின் கழன்றுவிடும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வழி குறுகியது. எழுபது பாரன்ஹீட் பாகைக்குக் கீழே போகையில் தொட்டியைச் சற்றே தூக்குவேன். மேலே ஏறுகையில் உப்பைக் கூட்டுவேன். மூன்றாவது பிளேட்டு முழு நேரமும் கிடந்தது. ஓரம் சுருங்கவில்லை. படிகாரத் தண்ணீரில் இறுக்கி, உருவத்தை நிலைநிறுத்தும் ஹைப்போவில் இட்டு, சன்னலைத் திறந்தோம். கறுத்த பரப்பின்மேல் எழுத்துகள் கண்ணாடித் தெளிவாய் நின்றன.

"சொல்லுங்க வாத்தியாரே" என்றார் அம்மாள். நான் வாய்விட்டு வாசித்தேன். வெளியே சுடலைமுத்து ஒவ்வொரு சொல்லையும் திருப்பிச் சொன்னார். மடைவாய் அகலம் ஒரு சாண். உயரம் நாலு விரல். தண்ணீர் குறைந்தால் கடைமடைக்கு மூன்று பகலும் மூன்று இரவும். அந்த இடத்தை அவர் இரண்டு முறை சொன்னார்.

ஒரு பிளேட்டு போதும் என்று நான் நினைத்தேன். அம்மாள் நினைக்கவில்லை. நான்காவதை முற்றிலும் வேறு வழியில் நடத்தினார்: மெட்டோல் மருந்தை மிக நீர்க்கக் கலந்து, ஆட்டாமல் அசைக்காமல், குளிர்ந்த தொட்டியில் நெடுநேரம் கிடக்கவிட்டார். பொறுமையான மருந்து நிழலிடங்களிலும் பைய இறங்கும் என்பது எண்ணம். அதில் எழுத்துகள் மூன்றாவதைப்போல் ஓங்கி நிற்கவில்லை; ஆயினும் எல்லாம் இருந்தன. கல்லின் அடியில், ஈரம் தங்கியிருந்த இடத்தில், மூன்றாவது காட்டாத இன்னொரு வரியின் தடமும் தெரிந்தது. எழுத்தாகப் பிரியவில்லை.

இடையில் இரண்டு எழுத்துகள் மங்கலாக இருந்தன. பிளேட்டின்மேல் பென்சிலால் இரண்டு கீறல் இட்டால் அச்சில் தெளிவாகும். நாள்தோறும் முகச்சுருக்கங்களை அவ்வாறே போக்கி வந்தோம். பென்சிலைச் சீவினேன். அம்மாள் அதனை என் கையிலிருந்து வாங்கி, தம் கூந்தல் முடிச்சில் செருகிக்கொண்டார்.

அதன் பயன் விசாரணை நாளில் விளங்கியது. அதிகாரிகள் வந்து தங்கும் முசாபரி பங்களாவின் கூடத்தில், விசாரணை அதிகாரி அச்சுப்படிகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, காரியஸ்தர் எழுந்தார்.

"ஐயா, இந்த ஸ்டூடியோவில கிழவியக் குமரியாக்குதாங்க. மாறுகண்ண நேராக்குதாங்க. கல்லுல நாலு எழுத்த ஏத்துறதா இவங்களுக்குப் பெரிசு?"

கூடத்தில் சிரிப்பெழுந்தது. எங்கள் தரப்பிலும் சிலர் சிரித்தனர். அவர்களது படங்களும் எங்களால் இளமை பெற்றவையே.

அம்மாள் எழுந்து, பஞ்சில் பொதிந்த மூன்று பிளேட்டுகளையும் மேசைமேல் வைத்தார். "அவாள் சொல்லுதது நெசந்தான் ஐயா. குமரியாக்குவோம். பென்சில் தொட்ட கண்ணாடிய வெளிச்சத்துல சாய்ச்சுப் பிடிச்சா மினுங்கும். மூணையும் சாய்ச்சுப் பாருங்க. மூணும் மூணு விதமாக் கழுவினது. ஒண்ணுல மங்கலு, ஒண்ணுல அழுத்தம், ஒண்ணுல இளசு. பொய் எழுத்துன்னா மூணுலயும் ஒரே இடத்துல, ஒரே அளவுக்கு மங்காது."

அதிகாரி உருப்பெருக்கியை வாங்கி நெடுநேரம் நோக்கினார். மங்கலான அவ்விரண்டு எழுத்துகளும் மூன்றிலும் மங்கலாகவே இருந்தன. பின்பு பதிவேட்டைக் கேட்டார். என் கையெழுத்தில் என் பிழைகளை வரிசையாக வாசித்தார்.

"உங்கள் தவறுகளை நீங்களே எழுதி வைத்திருக்கிறீர்கள்?"

"தப்ப எழுதாத பதிவேடு எதுக்கு ஐயா?" என்றார் அம்மாள்.

காரியஸ்தரும் குனிந்து பிளேட்டைப் பார்த்தார். நிமிர்ந்து, "நான் அன்னைக்கு அங்கன நின்னேன். சுண்ணாம்பு தடவல" என்றார். அவர் அதனைச் சொல்லாமல் இருந்திருக்கலாம், சொன்னார். பதிவேட்டில் இது தனி வரியாக உள்ளது.

புதிய மடையைப் பழைய அளவில் திருத்திக் கட்டவும், கல்லிற் கண்ட முறைப்படி தண்ணீர் விடவும் உத்தரவாயிற்று. அவ்வாண்டு ஆனியில் கால் திறந்தபோது கடைமடைக்கு மூன்று பகலும் மூன்று இரவும் தண்ணீர் சென்றது. சுடலைமுத்து கப்பல் ஏறவில்லை. நாற்று நட்ட வயலின் நடுவே தம்மைப் படமெடுக்க வேண்டும் என்று எங்களை அழைத்தார். அந்தப் படத்துக்கு, சுவரில் சோதித்த பெட்டியிலிருந்து பிளேட்டை எடுத்தேன்; ஒளியை முகத்துக்குக் கொடுத்தேன். பச்சை நாற்று பச்சையாக விழாது என்றபோது அவர், "பரவால்ல அண்ணாச்சி, கறுப்பா விழுந்தாலும் நெல்லுதானே?" என்றார்.

நான் வேலையிலிருந்து நீக்கப்படவில்லை. அதற்கு மாறாக, அன்றுமுதல் புதுப்பெட்டிகளைச் சோதிக்கும் பொறுப்பு என்னுடையதாயிற்று. ஓய்வு பெறும் நாள்வரை அவ்வாறே இருந்தது. இன்றைய பிலிம்கள் எங்கள் பிளேட்டுகளினும் மிக நல்லவை. வெப்பத்தைத் தாங்குகின்றன, பெட்டிக்குப் பெட்டி வேகம் மாறுவதில்லை. எண் முறைகளும் ஒருநாள் உலகெங்கும் ஒன்றாகும் என்று நம்புகிறேன். அதுவரை, பெட்டியை வைத்து வழக்காடுவோர் ஆளுக்கொரு படம் எடுத்துப் பார்ப்பார்களாக. பழைய ஸ்டூடியோவின் அவ்விருவரும் சென்ற வாரம் எடுத்துப் பார்த்ததாகச் சொல்லியனுப்பினர். இரண்டாமவர் சொன்னதே சரி.

எனக்குத் தெரியாதவற்றைச் சொல்லி முடிக்கிறேன். கல்லை வெட்டியவர் யார், எந்த ஆண்டில் என்பது தெரியாது. கொத்தர்கள் வெற்றிலையை அன்று வேண்டுமென்றே மெதுவாக மென்றார்களா என்பதைக் கேட்டறிய இயலவில்லை. நான்காவது பிளேட்டின் அடியில் தடமாகத் தெரியும் கடைசி வரியை, உருப்பெருக்கி கொண்டும், படியெடுத்துப் பெருக்கியும், பல ஆண்டுகளில் பலமுறை வாசிக்க முயன்றேன். பன்னிரண்டு நொடி கொடுத்திருந்தால் அது விழுந்திருக்கும். நான் கொடுத்தது நான்கு. அவ்வரியில் என்ன எழுதியிருந்தது என்பது எனக்குத் தெரியாது; இனி அறிய வழியும் இல்லை.